பென்சிலில் எழுதியது

3 ஆகஸ்டு 1936, திங்கள்

எழுந்ததும் முதல் வேலை பென்சில் சீவியது. முனை இரண்டு முறை ஒடிந்தது. மூன்றாம் முறை நின்றது.

ஆடிக் காற்று. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம். திறந்தால் காளவாசல் பக்கத்துச் செங்கல் சூளைச் சாம்பல் முழுவதும் என் மேஜை மேல்.

அமைதி வேளை, ஐந்தரை முதல் ஆறு. நோட்டில் வந்தவை: பருப்பு புதன்கிழமைக்கு மேல் வராது. மூன்றாம் வகுப்புக் கூரையில் இரண்டு ஓடு மாற்ற வேண்டும். மறுபடியும் பருப்பு. இதில் கர்த்தர் பேசியது எது, சமையல்கார அன்னத்தாய் நேற்றுப் பேசியது எது?

புதிதாக வந்திருக்கும் தையல் டீச்சருக்கு முதல் மணிக்கு முன் அமைதி வேளையின் முறையை விளக்கினேன்; தலைமை ஆசிரியைக்கு இதுவும் வேலை. எங்கள் மிஷனின் வெள்ளைக்காரத் துரைசானியம்மா இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்து மூன்று வருஷம். சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். விடியலில் பேசாமல் உட்கார வேண்டும். மனதில் வருவதைப் பென்சிலால் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி. இது உண்மையா? இது அன்பா? இதில் எனக்கு லாபம் உண்டா? தேறியதை மையால் எழுத வேண்டும். தேறாததை ரப்பரால் அழித்துவிட வேண்டும். மையில் நிற்பது கர்த்தருடைய சித்தம். சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் அதை எல்லாருக்கும் வாசிக்க வேண்டும்.

அந்தப் பெண் எல்லாம் கேட்டுவிட்டு, "தேறினதையே அழிச்சிட்டோம்னா, டீச்சரம்மா?" என்றாள்.

"அப்படி அழிக்க மாட்டோம்."

"ரப்பர் நம்ம கையிலதான இருக்கு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மணி அடித்ததால் தப்பித்தேன்.

(இந்த நோட்டு வேறு. துணிப்பெட்டியின் அடியில் இருப்பது. இதற்கு மூன்று கேள்வியும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை.)

மத்தியானம் கருப்பாயி வந்தாள், எங்கள் பள்ளி டீச்சர் பாக்கியத்தின் தாய். சமயநல்லூரிலிருந்து நடந்தே. மடியில் ஒரு படி நிலக்கடலை. என் பெரியப்பா வயலில் நாற்று நடுகிறவள், இன்னும் நடுகிறாள். நாற்காலியைக் காட்டினேன். வராந்தாப் படியில் உட்கார்ந்தாள்.

"நாக்காலி வேணாந் தாயி. அதுல ஒக்காந்தா எனக்குப் பேச்சு வராது."

பேச்சு நன்றாகவே வந்தது. சோழவந்தான் பக்கம் ஒரு கிராமத்துச் சபையில் ஜெபம் நடத்தும் உபதேசியார். மனைவி இறந்து ஒரு வருஷம். மூன்று பிள்ளைகள். பாக்கியத்தைக் கேட்கிறார்கள்.

"குடி இல்ல, பீடி இல்ல. நாப்பது வயசு சொல்றாக, பல்லு அம்புட்டும் இருக்கு. நாங் கிட்டப் போயிப் பாத்தேன்."

"பாக்கியம் என்ன சொல்றா?"

"அவ என்னத்தச் சொல்லுவா? டீச்சரம்மா சாமிகிட்டக் கேட்டுச் சொல்லட்டும்ங்கிறா. ஒங்களுக்குத்தேன் நோட்டுல வந்து எழுதிக் குடுக்குதாம்ல? ஞாயித்துக்கெழம அவுக ஆளு வாராக. அதுக்குள்ள கேட்டுப்புடுங்க. ஆடி கழியட்டும், ஆவணியில முடிச்சிருவோம்."

"கிறிஸ்தவங்களுக்கு ஆடி ஏது, கருப்பாயி?"

"ஒங்களுக்கு இல்ல. எனக்கு இருக்குல்ல?"

சாயங்காலம் பாக்கியம் வந்து மேஜைக்கு அப்பால் நின்றாள். பத்து வயதில் நான் கைப்பிடித்து இந்த விடுதிக்குக் கூட்டிவந்த பிள்ளை. இப்போது இருபத்தேழு. சின்ன வகுப்புகளுக்கு இவளைப் போல் ஒரு டீச்சர் இந்த ஜில்லாவில் இல்லை. இதை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"உனக்கு விருப்பமா?"

"என் விருப்பம் எதுக்கு, டீச்சரம்மா? நீங்க கேட்டுச் சொல்லுங்க. போன தடவ கேட்டுச் சொன்னீங்கள்ல, அது மாதிரி."

போன தடவை.

4, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. பிள்ளைகள் தலையெல்லாம் செம்மண். நாலு பேருக்குக் கண்வலி.

அமைதி வேளை. பாக்கியத்துக்காக உட்கார்ந்தேன். வந்தது: "போகட்டும்." பத்து நிமிஷம் கழித்து: "வேண்டாம்." இரண்டும் ஒரே குரலில். இரண்டும் என் கையெழுத்தில். "வேண்டாம்" வந்தபோது எனக்குள் ஒரு நிம்மதி. அவள் போனால் சின்ன வகுப்புகளை யார் பார்ப்பார்கள் என்று அதற்கு முன்பே கணக்குப் போட்டிருந்தேன். ஆக மூன்றாம் கேள்வியில் அது தோற்றது. அழித்தேன். "போகட்டும்" என்பதையும் அழித்தேன். அதில் லாபம் இல்லைதான். ஆனால் அன்பும் இல்லை.

போன தடவை என்பது 1934. சென்னையில் நான் படித்த கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது: மதுரைப் பக்கத்து மிஷன் ஆசிரியை ஒருத்திக்கு ஒரு இடம், நான்கு வருஷம், தங்குவதற்கும் வசதி. பெயர் சொல்ல வேண்டியது நான். எல்லாரும் பாக்கியம் என்றுதான் நினைத்தார்கள். நான் அமைதி வேளையில் காத்திருந்து, சனிக்கிழமை எழுந்து வாசித்தேன்: "பாக்கியம் இங்கேயே இருக்கட்டும். சிறு பிள்ளைகளுக்கு அவள் தேவை." எல்லாரும் ஆமென் என்றார்கள். பாக்கியமும் சொன்னாள். அவள் ஆமென்தான் முதலில் கேட்டது என்று நினைவு.

அந்த இடம் திண்டுக்கல் பெண் ஒருத்திக்குப் போயிற்று. மறுபடி அப்படி ஒரு கடிதம் வரவில்லை.

இடைவேளையில் பாக்கியத்தைக் கூப்பிட்டேன். "உன் நோட்டில் உனக்கு என்ன வந்தது? அதைப் பார்க்கலாமே" என்றேன். தயங்கினாள். பிறகு எடுத்துவந்து கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

முதல் இருபது பக்கம் நெருக்கி எழுதியிருக்கிறாள். அழகான எழுத்து. அதற்குப் பிறகு தேதி மட்டும். தேதி, வெள்ளைத்தாள். தேதி, வெள்ளைத்தாள். இரண்டு வருஷம்.

"சனிக்கிழமை சனிக்கிழமை வாசிக்கிறாயே?"

"வாசிக்கல, டீச்சரம்மா. நோட்டப் பாத்துக்கிட்டுச் சொல்லுவேன். வெள்ளிக்கிழமையே யோசிச்சு வச்சுக்குவேன்."

"மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பொறுமையாயிரு என்று உனக்கு வந்ததாகச் சொன்னாயே. துரைசானியம்மா அழுதார்களே."

"அதுவுந்தான்." ஜன்னலை விட்டுத் திரும்பாமலே: "எல்லாரும் ஆமென்னு சொன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

"எனக்கு ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. உங்களுக்குக் கேக்குது. அதான் உங்ககிட்ட வந்தேன்."

மறக்காமல்: கண்வலி மருந்து. ஓடு மாற்ற ஆள். கிணற்றுக் கயிறு.

5, புதன்

தலைவலி. காபி கசந்தது. அன்னத்தாய் வெல்லம் போட மறந்ததாகச் சொன்னாள், பிறகு போட்டதாகச் சொன்னாள், பிறகு "டீச்சரம்மாவுக்கு நாக்குச் சரியில்ல" என்று முடித்தாள்.

அமைதி வேளையில் ஒன்றும் வரவில்லை. எனக்குக் கர்த்தருடைய குரல் எப்படி இருக்கும் என்றே மறந்துவிட்டதோ என்று பயம். பழைய நோட்டை எடுத்துப் பார்க்கலாம், நிச்சயமாகக் கேட்ட ஒரு நாளின் பக்கத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியும் என்று தோன்றியது. 1934 நோட்டு அலமாரியின் மேல்தட்டில், வரைபடச் சுருள்களுக்குப் பின்னால். பூச்சி ஓரங்களைத் தின்றிருக்கிறது.

அந்தப் பக்கம் கிடைத்தது. மை நன்றாக இருக்கிறது. "பாக்கியம் இங்கேயே இருக்கட்டும். சிறு பிள்ளைகளுக்கு அவள் தேவை." நிதானமான எழுத்து. கீழே ஒரு கோடுகூட இழுத்திருக்கிறேன்.

ஆனால் அந்த மைக்கு அடியில் தாள் தேய்ந்திருந்தது. சுரசுரவென்று. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தேன். பென்சிலை அழுத்தி எழுதுவது என் வழக்கம். ரப்பர் கரியைத்தான் எடுக்கும், பள்ளத்தை எடுக்காது. வெயிலில் மூன்று வார்த்தை தெரிந்தது.

"பாக்கியத்தை அனுப்பு. இன்றே."

படித்ததும் உட்கார நாற்காலி தேடினேன். நாற்காலி என்று எழுதும்போதே மீதியும் ஞாபகம் வந்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

அதற்கு முந்தின நாள் பள்ளி இன்ஸ்பெக்ட்ரஸ் வந்திருந்தார். பாக்கியம் மணலைக் குவித்து, குடத்துத் தண்ணீரை ஊற்றி, வைகை எங்கே பிறந்து எங்கே போகிறது என்று பிள்ளைகளுக்கு ஓட விட்டுக் காட்டினாள். இன்ஸ்பெக்ட்ரஸ் புடவையை இடுக்கிக்கொண்டு மணலில் குனிந்துவிட்டார். "இவளைப் படிக்க அனுப்புங்கள், நாளைக்கு இந்தப் பள்ளியையே நடத்துவாள்" என்று என்னிடம் சொன்னார். தேநீருக்கு அவளையும் உட்காரச் சொன்னார். பாக்கியம் உட்கார்ந்தாள், என் பக்கத்து நாற்காலியில். கையில் இன்னும் ஈரமணல்.

நான் என் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினேன். "வெயில் படுகிறது" என்றேன்.

வெயில் படவில்லை. அது வடக்குப் பார்த்த வராந்தா.

மறுநாள் விடியலில் "அனுப்பு" என்று வந்தது. நான் கேட்காமலே வந்தது. நான் விரும்பாதது. எனக்கு ஒரு லாபமும் இல்லாதது. மூன்று கேள்வியிலும் தேறியது. அதை நான் அழித்தேன். மறந்தும் விட்டேன். அது எப்படி முடிந்தது என்பதுதான் தெரியவில்லை. முழுப்பொய்யாயிருந்தால் மறந்திருக்க மாட்டேன். அழிப்பதும் முறையில் ஒரு பகுதி; ஆகவே முறைப்படிதான் அழித்தேன் என்று கை நினைத்துக்கொண்டது.

சாயங்கால ஜெபத்தை நான் நடத்தவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை.

6, வியாழன்

காற்று கொஞ்சம் தணிவு. சிம்மக்கல் போக வேண்டிய நாள். சிலேட்டு, பலப்பம், கயிறு, கண்வலி மருந்து. வழக்கம்போல் பாக்கியமும் கூட. வேறு யாரையாவது கூட்டிப்போக நினைத்தேன். காரணம் சொல்ல முடியவில்லை.

ஒற்றைக் குதிரை வண்டி. காசிம் பாய் ஓட்டினார். குதிரைக்கு வயதாகிவிட்டது. சூளைப் பக்கம் புகையில் நின்றுவிட்டது.

"ஏன் பாய் நின்னுருச்சு?" என்றாள் பாக்கியம்.

"அதுக்கும் ரோசம் இருக்கும்மா. இம்புட்டுப் பொகையில என்னைய ஏன் இழுத்துட்டு வந்தேன்னு கேக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அல்லா சித்தம்னேன். நம்ப மாட்டேங்குது."

பாக்கியம் வாய்விட்டுச் சிரித்தாள். நான் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். நாளில்லை, வருஷம்.

திரும்பும் வழியில், மடியில் சிலேட்டுக் கட்டு, அவளாகவே பேசினாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

"பெட்டி கட்டி வச்சிருந்தேன் டீச்சரம்மா. சென்னைக்கு. நீங்க கேட்டுச் சொல்றதுக்கு முந்தியே. தப்புத்தான். ரெண்டு சேல, ஒரு ஜமுக்காளம். எங்கம்மா வந்து, அம்புட்டுத் தூரம் போனா எம்மகளுக்கு யாரு தல வாரிவிடுவாகன்னு அழுதுச்சு. எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு!"

"தப்பில்லை" என்றேன்.

"கர்த்தர் வேண்டாம்னுட்டாரு. சரின்னு அவுத்துட்டேன். படிப்புகூடப் பரவால்ல டீச்சரம்மா, போனாப் போகுது. ஆனா அதுக்கப்புறம் உக்காந்தா ஒண்ணும் வர்றதில்ல. நம்மள அங்க எடுக்கலபோலருக்குன்னு தோணுது. எங்க அம்மாவெல்லாம் பெரியவீட்டு வாசல்ல நின்னு கூப்பிடுவாகள்ல, உள்ளருந்து சத்தமே வராது. ஆள் இருக்காகன்னு தெரியும். அது மாதிரி."

பெரியவீடு என்றால் என் பெரியப்பா வீடு. அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த வாசல் அது ஒன்றுதான்.

"அதான் இந்த உபதேசியார் காரியத்தில நானே கேக்கல. நீங்க சொல்றதுபடி செஞ்சிருவேன். மூணு பிள்ளைக பாவம், தாயில்லாம இருக்கு. எனக்குப் பிடிக்கலதான். பிடிக்காததாச் சொல்றதுதான அவர் சித்தமா இருக்கும்?"

இதை யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது? நான்தான். சனிக்கிழமை சனிக்கிழமையாக.

வண்டியில் அப்போதே சொல்லியிருக்கலாம். காசிம் பாய் இருந்தார் என்று இங்கே எழுதலாம். பாய் குதிரையோடு பேசிக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

மருந்து வாங்க மறந்துவிட்டோம்.

அதே நாள், விளக்கு வைத்தபின்:

ஏன் அழித்தேன். வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நாற்காலி.

அவள் பி.ஏ. படித்து வந்தால் எனக்கு மேல் உட்காருவாள், அல்லது சமமாக. இரண்டும் ஒன்றுதான்.

கருப்பாயி மகள். இதை எழுத அரைமணி ஆயிற்று. என் தாத்தா ஞானஸ்நானம் பெற்று அறுபது வருஷம். ஞாயிறு தவறாமல் நற்கருணையில் பாக்கியமும் நானும் ஒரே அப்பம், ஒரே கிண்ணம். இருந்தும் என் நாற்காலிக்கு வெயில் பட்டது.

நான் கூட்டிவந்த பிள்ளை, ஆகையால் என்னுடையவள் என்ற நினைப்பு. இதை அன்பு என்றே எண்ணிவந்தேன். கொஞ்சம் அன்பும்தான். அதுதான் மோசம்.

அவள் இல்லாமல் சாயங்காலங்கள்.

இதில் எது முதல், எது பின் என்று தெரியவில்லை. ஐந்தும் சேர்ந்து ரப்பரைப் பிடித்தன.

7, வெள்ளி

விடியற்காலம் தூறல். ஐந்து நிமிஷம். தூசி அடங்கவில்லை, புள்ளி புள்ளியாகக் குழிந்ததோடு சரி.

ஒரு தீர்மானத்தோடு எழுந்தேன்: நாளைக் கூட்டத்தில் பழைய நோட்டை எடுத்து, பென்சிலில் இருந்ததையும் மையில் இருந்ததையும் எல்லார் முன்னிலும் வாசித்துவிடுவது. முதல் மணிக்கு முன்பே துரைசானியம்மாவிடம் போய், "நாளைக்கு நான் ஒரு பாவத்தை அறிக்கையிட வேண்டும்" என்றேன். எதைப் பற்றி என்று சொல்லவில்லை.

அவர்கள் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் புத்தகத் தமிழில்: "மிகவும் நல்லது! மிகவும் நல்லது! தலைமை ஆசிரியை தாழ்மைப்பட்டால் மற்றவர்கள் யாவரும் தாழ்மைப்படுவார்கள். நாளைக்குத் திண்டுக்கல்லிலிருந்து விருந்தாளிகளும் வருகிறார்கள். உங்களுடைய சாட்சி அவர்களுக்கு ஆசீர்வாதமாயிருக்கும். இது வேறொரு நபரைக் குறித்ததா?"

"ஆமாம்."

"அப்படியானால் அந்த நபரும் முன்னே வரட்டும். நீங்கள் இருவரும் கட்டித் தழுவிக்கொள்ளலாம். நாம் ஒரு கீர்த்தனை பாடுவோம்."

நல்ல மனுஷி. இதில் ஒரு எழுத்தும் கேலியில்லை. மலேரியாக் காய்ச்சலோடு கிராமம் கிராமமாக நடந்தவர்கள். ஆனால் திரும்பி வரும்போது என் கை ஏதோ இனிப்பு ஒட்டினது போல் இருந்தது.

சமையல்கட்டு வழியாக வந்தேன். உள்ளே அன்னத்தாய் தையல் டீச்சருக்குக் கூட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"பயப்படாத பிள்ள. சின்னப் பாவமாப் பாத்துச் சொல்லணும். நான் தயிருல தண்ணி கலந்தேன்னு மூணு தடவ சொல்லிட்டேன். மூணு தடவையும் அழுதாக."

"இப்ப கலக்குறதில்லையா?"

"கலக்காட்டி நாப்பது பிள்ளைக்கு எப்பிடிக் காணும்? பெரிய பாவத்தச் சொன்னாத்தேன் மவுசு. போன வருசம் கணக்கு டீச்சரு அவுக தங்கச்சிகூடப் பேசுறதில்லன்னு சொன்னாக பாரு, அன்னைக்கு எல்லாத்துக்கும் துரைசானி கையால கேக்கு."

சிரித்திருக்க வேண்டும். நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன்.

நாளை நடக்கப்போவது கண்முன் அப்படியே தெரிந்தது. நான் எழுந்து நிற்பேன். குரல் நடுங்கும், நடுங்குவது எனக்கும் கொஞ்சம் பிடிக்கும். எல்லாரும் அழுவார்கள். பாக்கியத்தை முன்னே அழைப்பார்கள். அவள் வருவாள், மறுக்கத் தெரியாது அவளுக்கு. முப்பது பேர் பார்க்க, திண்டுக்கல் விருந்தாளிகள் பார்க்க, இரண்டு வருஷத்தையும் அந்த இடத்திலேயே மன்னிக்க வேண்டும். மன்னித்துக் கட்டிக்கொள்ள வேண்டும். கீர்த்தனை வேறு. கோபப்பட அவளுக்கு ஒரு நிமிஷம் கிடைக்காது. அவளிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். நாளைக்கு அதே கூடத்தில், அதே ஆமெனோடு, இன்னொன்றையும் எடுத்துக்கொள்வேன். வெளியே வரும்போது முன்னைக்காட்டிலும் எனக்கு மதிப்பு கூடியிருக்கும்.

அப்படியானால் இந்தத் தீர்மானம் எங்கிருந்து வந்தது? காலையில் எவ்வளவு தெளிவாக வந்தது! இதையும் பென்சிலால் எழுதி மையும் போட்டிருந்தேன்.

மத்தியானம் முழுவதும் கணக்கு நோட்டுகள் திருத்தினேன். ஏழு எட்டு ஐம்பத்தாறு. அதில் சந்தேகமில்லாதது ஆறுதலாக இருந்தது.

மாலையில் பாக்கியம் வாசலில் வந்து நின்றாள். "கேட்டீங்களா டீச்சரம்மா? அம்மா ஞாயித்துக்கிழம அவுகளோட வந்துரும்."

"கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

இதுவும் பொய். புதன்கிழமைக்குப் பிறகு நான் கேட்கவில்லை. எனக்குச் சொல்லப்பட்டுவிட்டதிலிருந்து ஒதுங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"சரி டீச்சரம்மா" என்று போனாள். கொடியில் காய்ந்த என் புடவையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். யாரும் சொல்லவில்லை.

8, சனி

காலை ஆறே கால். காற்றில்லை. ஆடியில் இப்படி ஒரு அமைதி அபூர்வம்.

அமைதி வேளைக்கு உட்கார்ந்தேன், நோட்டைத் திறக்கவில்லை. பென்சிலும் எடுக்கவில்லை. கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்காருவது கஷ்டமாக இருக்கிறது. ஒன்றும் வரவில்லை. வர வேண்டியது 1934-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் பேசாமலிருந்தால் நியாயம் அவர் பக்கம்.

ஒன்று மட்டும் ராத்திரி தூக்கத்திலும் விடவில்லை. கல்லூரி இடம் போயிற்று, நான்கு வருஷப் படிப்பு போயிற்று. அதைத் திருப்பித்தர என்னிடம் ஒன்றுமில்லை. கல்லூரிக்கு எழுதிப் பார்க்கலாம், வயதைச் சொல்லி மறுப்பார்கள். ஆனால் அது அல்ல நான் செய்ததில் பெரியது. தன்னை வேண்டாம் என்று தள்ளியது கர்த்தர் என்று ஒரு பெண் இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். சாத்தின கதவின் முன்னால் தேதி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது பிடிக்காத ஒரு வீட்டுக்குத் தலையாட்டப் போகிறாள், பிடிக்காததே அவர் சொல்வது என்று எண்ணி. கதவுக்கு உள்ளேயிருந்து பேசாமலிருந்தது நான். நான் வாய் திறக்கிற வரையில் அவளுக்கு அது அவர்தான்.

உபதேசியாரைக் கட்டுவதும் விடுவதும் அவள் பாடு. அவள் முடிவு செய்யட்டும், யாருடைய பெயருமில்லாமல்.

அவள் போய்விடுவாள் என்று நினைக்கிறேன். கல்யாணம் செய்துகொண்டோ, வேறு பள்ளிக்கோ. இதைக் கேட்ட பிறகு என் கீழே யார் வேலை பார்ப்பார்கள்? சின்ன வகுப்புகள் என்ன ஆகும் என்று தெரியவில்லை. நான் என்ன ஆவேன் என்றும். நாற்பத்துமூன்று வயதில் எனக்கு அவளைவிட்டால் ஒருவரும் இல்லை என்பதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. இப்போதும் அவளுக்குச் சொல்லப்போவதில்லை. அதைச் சொன்னால் இரக்கப்படுவாள்.

முடிவு செய்துவிட்டேன். துரைசானியம்மாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. சாயங்காலம் கூட்டத்தில் என் முறை வரும்போது, எனக்கு வாசிக்க ஒன்றுமில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன். விருந்தாளிகள் ஏமாறட்டும்.

அதற்கு முன், இன்று காலையில், ஜெப மணி அடிக்குமுன், பாக்கியம் மூன்றாம் வகுப்பைத் திறக்கும்போது தனியாக அவளிடம் போவேன். உட்காரச் சொல்லி, பக்கத்தில் நானும் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தை வெயிலில் சாய்த்துக் காட்டுவேன். அனுப்பு என்றுதான் அவர் சொன்னார், வேண்டாம் என்றது நான் என்று சொல்வேன். நாற்காலியையும் சொல்வேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன், கேட்டால் உடனே கொடுத்துவிடுவாள். அவள் என்னை வெறுக்கட்டும், எவ்வளவு காலம் வேண்டுமானாலும். தன்னைத் தள்ளிய பழியிலிருந்து அவரை விட்டுவிடட்டும்.